தோடியில் காந்தாரம் எங்கே இருக்கிறது?

நான் முதன்முதலில் ஒரு சபாவுக்குள் நுழைந்தது வெண்பொங்கலுக்காக. 2011 டிசம்பர். மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கூட வேலை பார்த்த நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "டிக்கெட்டெல்லாம் வேண்டாம்டா, பின்பக்கமா போனா நேரா கேண்டீன்தான்" என்று இழுத்துக்கொண்டு போனான். பொங்கல், கொத்சு, ஒரு காபி. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வெளியே வரும்போது அரங்கத்தின் கதவு திறந்திருந்தது. காலைக் கச்சேரி, இலவசம், பாதி நாற்காலி காலி. பொங்கல் வயிற்றோடு எங்காவது உட்காரத்தானே வேண்டும் என்று உள்ளே போனோம்.

கச்சேரி இன்னும் தொடங்கவில்லை. மேடையில் மிருதங்கக்காரர் ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து வெள்ளையாக எதையோ எடுத்துப் பிசைந்துகொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கேண்டீன் உப்புமாவை மேடைக்கே கொண்டுவந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நினைத்ததில் பாதி சரி, அது ரவைதான். தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில், அதாவது இடது கைப் பக்கத்தில், வட்டமாக அப்புகிறார்கள். அப்போதுதான் அந்தக் கனமான 'கும்' வரும். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அன்றைய கச்சேரியில் எனக்கு நினைவிருப்பது இந்த ரவை மட்டும்தான், ஏனென்றால் இருபதாவது நிமிடம் தூங்கிவிட்டேன்.

ஆனாலும் திரும்பத் திரும்பப் போனேன். சங்கீதம் பிடித்துப் போய் அல்ல. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்து தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார், திடீரென்று ஓர் இடத்தில் 'ஆகா' என்று தலையை ஆட்டினார், சுற்றி இருந்த நாலைந்து பேரும் அதே நொடியில் ஆட்டினார்கள், எனக்கு மட்டும் அங்கே என்ன நடந்தது என்றே தெரியவில்லை. எல்லோரும் சிரிக்கும் ஜோக் நமக்கு மட்டும் புரியாமல் போனால் வருமே ஓர் எரிச்சல், அதுதான் என்னைத் திரும்ப இழுத்தது.

எனக்குத் தொழில் கணக்கு. அதனால் இதையும் கணக்காகவே பிடித்தேன். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி வகுத்த 72 மேளக் கணக்கு (மேளம் என்றால் இங்கே தாய் ராகம்) என் போன்ற ஆளுக்கு என்றே செய்தது மாதிரி இருந்தது. 'ம' என்ற ஸ்வரம் இரண்டு வகை, சுத்த மத்தியமத்தில் 36, பிரதி மத்தியமத்தில் 36, ஒரு சக்கரத்துக்கு ஆறு, ஆக 12 சக்கரம். எக்செல்லில் அரை மணி நேரத்தில் போட்டு முடித்துவிட்டேன். அதற்கு மேல் கடபயாதி என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், ராகத்தின் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துக்கு எண் கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டால் அது எத்தனையாவது மேளம் என்று வந்துவிடும். சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' என்று ஒட்டினால் 29, கல்யாணிக்கு முன்னால் 'மேச' ஒட்டினால் 65, தோடிக்கு 'ஹனும' ஒட்டினால் 8. அந்த ஒட்டுகள் எல்லாம் எண் வருவதற்காகத்தான். இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கச்சேரியில் வந்த தூக்கம் கணக்கில் வரவில்லை என்பதிலேயே நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஓர் ஆண்டு முழுக்க ராகம் கண்டுபிடிக்கும் ஆட்டம். வாரத்துக்கு ஒரு ராகம், அதில் அமைந்த நாலைந்து சினிமாப் பாட்டு, ஆரோகண அவரோகணம் (ஸ்வரங்கள் ஏறும் வரிசை, இறங்கும் வரிசை), அவ்வளவு பாடம். கச்சேரியில் உட்கார்ந்தால், பாட்டு வரி இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனை தொடங்கிய உடனே மண்டைக்குள் வினாடி வினா தொடங்கிவிடும். மோகனமா? இல்லை, நிஷாதம், அதாவது 'நி' வருகிறது, அப்போ ஹம்சத்வனியா? பெயர் கிடைத்துவிட்டால் நிம்மதி, அதற்குப் பிறகு பாடுகிறவர் அரை மணி நேரம் பாடினாலும் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லையே என்ற கவலை, அப்போதும் கேட்கவில்லை.

இது ஒரு மாலையில் உடைந்தது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஆலாபனையின் நடுவில் என் பக்கம் சாய்ந்து, "என்ன ராகம்னு தெரியறதா?" என்றார். அந்த வாரம் முழுக்க ஆரபியை ஓட்டிக்கொண்டிருந்ததால் எதைக் கேட்டாலும் ஆரபியாகவே பட்டுக்கொண்டிருந்தது. "ஆரபி" என்றேன். அவர் தன் பக்கத்து ஆளிடம் திரும்பி, எனக்கும் கேட்கிற மாதிரி, "ஆரபியாம்" என்று சிரித்தார். பிறகு என்னிடம், "தேவகாந்தாரி. பரவாயில்லை, கத்துக்கோங்கோ." வீட்டுக்கு வந்து எக்செல்லைத் திறந்து பார்த்தேன். ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறுவரிசை ஒன்று, இறங்குவரிசையும் ஒன்று. ஒரே ஸ்வரங்கள், ஒரே வரிசை, இரண்டு ராகம்! இது என்ன மோசடி என்று கோபம் வந்தது. அந்தப் பெரியவர் மேல் வந்த கோபம் தனி. அந்த மாதிரி அரங்கில் நான் வேற்றாள் என்று அதற்கு முன்பும் சில தடவை தோன்றியதுண்டு, அதற்கான காரணங்கள் சங்கீதத்தில் இல்லை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். மொத்தத்தில் சபாவை விட்டேன். இரண்டு வருடம் கேண்டீனுக்குக்கூடப் போகவில்லை.

திரும்பி வந்தது எங்கள் தாத்தா புண்ணியத்தில். நான் பார்த்திராத தாத்தா. எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டால் தாத்தா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய்விடுவாராம், விடிந்துதான் வருவாராம், அறுப்புக் காலமாக இருந்தாலும் அப்படித்தானாம். பாட்டி அதற்காகத் திட்டியதை அம்மா இன்னும் அதே ராகத்தில் சொல்வாள். ஒரு நாள் ஏதோ பேச்சில் இது வந்தபோது யூடியூபில் தேடினேன். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் போய்விட்டார், ஆனால் பழைய இசைத்தட்டுகளில் ஏறிய தோடி இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று சொச்சம் நிமிடம்தான் கொள்ளும் தட்டுகள். ஆலாபனை ஏறிக்கொண்டே போகும்போது பக்கம் முடிந்துவிடும்.

அப்போது குரோம்பேட்டைக்கு மாறிவிட்டிருந்தேன், அலுவலகம் பாரிமுனை. தினமும் மின்சார ரயிலில் கோட்டை வரைக்கும் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அந்தத் தோடியைப் போட்டுக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் கேட்பதில்லை என்று ஒரு பிடிவாதம். பெயர் ஏற்கெனவே தெரியும் என்பதால் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, அது எவ்வளவு பெரிய விடுதலை என்று அப்போது எனக்கே தெரியாது.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ஒரு பிடி மட்டும் திரும்பத் திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கீழிருந்து ஏறி ஓர் இடத்தில் நின்று ஆடும். நின்று ஆடும் என்று எழுதுகிறேனே, அது நிற்கவே இல்லை, ஆடுகிறது, ஆனால் கேட்கிறவனுக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது. காந்தாரம், அதாவது 'க'. தோடி 8ஆவது மேளம், அதில் சாதாரண காந்தாரம் என்பது எக்செல் ஞானத்தில் தெரியும். சரி, அதை வாசித்துப் பார்ப்போம் என்று போனில் ஒரு கீபோர்டு ஆப் இறக்கினேன். ச வெள்ளைக் கட்டை, ரி கறுப்பு, க கறுப்பு, ம வெள்ளை, ப வெள்ளை, த கறுப்பு, நி கறுப்பு. கட்டைவிரலால் வரிசையாக அழுத்தினேன். தோடியின் நிழல்கூட விழவில்லை. அதற்குப் பதில் கச்சேரி முடிகிற நேரத்தில் பாடுவார்களே சிந்துபைரவி, அது எட்டிப் பார்த்தது! பழவந்தாங்கலில் நின்றுகொண்டு அந்தக் கறுப்புக் கட்டையை எத்தனை தடவை அழுத்தியிருப்பேன், பக்கத்தில் நின்றவர் ஏதோ விளையாட்டு என்று எட்டிப் பார்த்தார்.

அப்புறம்தான் உறைத்தது. தோடியின் காந்தாரம் அந்தக் கட்டையில் இல்லை. ரிஷபத்தின் ('ரி') பக்கத்திலிருந்து கிளம்பி, மத்தியமத்தைத் ('ம') தொட்டும் தொடாமலும் போய், திரும்பி, மறுபடி கிளம்புகிற அந்த ஊசலுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். நான் அத்தனை நாள் ஸ்வரம் என்றால் ஓர் இடம், அதற்குக் கதவு எண் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இடம் இல்லை, நடை. ஸ்வரத்தை இப்படி அசைப்பதற்குக் கமகம் என்று பெயர், அந்தச் சொல்லை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன், ஏதோ ஜரிகை வேலைப்பாடு, மேலே தைப்பது என்று புரிந்துவைத்திருந்தேன். ஜரிகையைப் பிரித்தால் புடவை மிஞ்சும். இங்கே கமகத்தை எடுத்தால் தோடியே மிஞ்சவில்லை.

அதை அவர் எதில் செய்கிறார் என்று நினைத்தால் இன்னும் மலைப்பாக இருக்கிறது. நாகஸ்வரத்தில் தந்தி கிடையாது, இழுத்துப் பிடிக்க முடியாது. விரல் வைக்க ஏழு துளை, வாயில் வைத்து ஊத ஒரு சீவாளி. விரலைப் பாதி மூடி, உதட்டின் அழுத்தத்தை மாற்றி, மூச்சைக் கூட்டிக் குறைத்துத்தான் அந்த ஊசல் வர வேண்டும். முன்பு இருந்தது குட்டையான, உச்சச் சுருதியில் அலறும் திமிரி. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான, சுருதி இறங்கிய பாரி நாகஸ்வரத்தைக் கொண்டுவந்தது ராஜரத்தினம் பிள்ளைதான். ஆச்சா மரத்தில் கடைந்த குழல். கருவியையே தன் சங்கீதத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்ட ஆள் என்று படித்தபோது, தாத்தா அறுப்பை விட்டுவிட்டுப் போனதில் தப்பில்லை என்று பட்டது. (பாட்டியிடம் இதைச் சொல்லியிருக்க முடியாது.)

இது புரிந்த பிறகு ஆரபியும் தேவகாந்தாரியும் தானாகப் பிரிந்தன. ஆரபி படியில் ஏறி ஓடுகிற பிள்ளை, எங்கேயும் நிற்காது. தேவகாந்தாரி அதே படியில் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் ஏறும். அந்தப் பெரியவர் சிரித்தது தப்பு, ஆனால் ராகம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. போகட்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டையில், பாட்டு வரியே இல்லாமல், நாகஸ்வரமும் தவிலும் மட்டும். சின்ன வயதில் நாங்கள் குளத்தங்கரையில் விளையாடிக்கொண்டிருப்போம், கோயில் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்ட உடனே விளையாட்டைப் போட்டுவிட்டு ஓடுவோம், சாமி கிளம்பப் போகிறது என்று. யாரும் சொல்லித் தந்ததில்லை. ராகத்தின் பெயர் மட்டும்தான் முப்பது வயதில் எக்செல்லில் படித்தேன். அதே மாதிரி காவடி கிளம்பினால் செஞ்சுருட்டி, பாம்பாட்டி வந்தால் புன்னாகவராளி, இதெல்லாம் நம் எல்லோருடைய காதிலும் ஏற்கெனவே கிடக்கிறது. எனக்குச் சங்கீதமே தெரியாது என்று சொல்கிற ஆளிடம் மகுடி வாசித்துக் காட்டுங்கள், தலை தானாகப் படம் எடுக்கும்.

பாட்டு தெலுங்கில் இருக்கிறது, சமஸ்கிருதத்தில் இருக்கிறது, அதனால்தான் புரியவில்லை என்று நானும் பல நாள் சொல்லியிருக்கிறேன். அந்தக் குறை பொய்யில்லை. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒதுக்கிவைத்ததை எதிர்த்துத்தானே 1943இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கமே தொடங்கினார். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் இவர்கள் எல்லாம் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முந்தியவர்கள் என்பதே எனக்கு வெகு நாள் தெரியாது. அருணாசலக் கவிராயரையோ கோபாலகிருஷ்ண பாரதியையோ யாராவது பிரதானமாக எடுத்துப் பாடினால் இன்றைக்கும் எனக்கு ஒரு பிடி கூடுதல் சந்தோஷம்தான். ஆனால் என் விஷயத்தில் தெலுங்கு மேல் பழி போட்டது சாக்கு. மல்லாரியில் ஒரு சொல்கூட இல்லை, அதற்கு ஓடினேனே.

தாளம் வேறு கதை. அது காதில் ஏறவில்லை, கையில்தான் ஏறியது. முதல் சபாவில் பார்த்த அம்மாள் தொடையில் போட்டுக்கொண்டிருந்தது ஆதி தாளம். உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. எட்டு. இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும், விடாமல் போட எனக்கு எட்டு மாதம் ஆனது. ஏனென்றால் பாட்டு நாம் தட்டுகிற இடத்தில் தொடங்குவதில்லை. தட்டிய பிறகு அரை இடம் தள்ளி எடுப்பு, ஒன்றரை இடம் தள்ளி எடுப்பு என்று வரும். பாடுகிறவர் பின்னால் போனால் கை நழுவும், கையைப் பிடித்துக்கொண்டால் பாட்டு நழுவும். திரும்பச் சபாவுக்குப் போகத் தொடங்கியபோது கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, அதற்கு அடியில் கையை ஒளித்துக்கொண்டு போட்டேன். தப்பினால் யாரும் பார்க்க வேண்டாம் என்று.

பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கம் பாதி காலியாவதைப் பார்த்திருப்பீர்கள். வயலின்காரர் வில்லைக் கீழே வைத்த உடனே நாற்காலிகள் கிறீச்சிடும், எல்லோரும் கேண்டீன் பக்கம். நானும் அந்த ஊர்வலத்தில் பல வருடம் போனவன்தான், பொங்கலில் ஆரம்பித்த பந்தமல்லவா. ஒரு நாள் மழை, வெளியே நிற்க இடமில்லை, உட்கார்ந்துவிட்டேன். பைக்கு அடியில் கை தன்பாட்டுக்கு எட்டு போட்டுக்கொண்டிருந்தது. மிருதங்கம் ஒரு சுற்று வாசிக்க, கடம் பதில் சொல்ல, அப்புறம் குறைப்பு, ஒருவர் வாசித்ததை மற்றவர் வாங்கி, நீளம் பாதியாகி, அதிலும் பாதியாகி, கடைசியில் ஒரே ஒரு சொல் அங்கும் இங்கும் பறந்தது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, முடிவு நெருங்குகிறது என்று காட்டும் மோரா வாசித்து, மூன்று தடவை வாசித்து முடிக்கும் கோர்வைக்குள் போனார்கள். கோர்வை ஒரு தடவை. என் கை எங்கேயோ, அவர்கள் எங்கேயோ. இரண்டாவது தடவை. இது முடியவே முடியாது, கணக்கு தப்பிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது, கை மட்டும் பிடிவாதமாகப் போட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை முடிந்த அடியில், தட்டு விழுந்து சரியாக எடுப்பு வருகிற அந்த அரை இடத்தில், பாடகர் வரியை எடுத்தார்.

'ஆகா' என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். முன் வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் பெரிய ரசிகன் ஆகிவிட்டேன் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். இன்றும் பைரவிக்கும் மாஞ்சிக்கும் நடுவில் நன்றாகத் திணறுவேன், தர்பாரும் நாயகியும் அடுத்தடுத்து வந்தால் வாயை மூடிக்கொள்வேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே ராகத்தில் ஒரே ஆலாபனையை ஒரு மாதம் கேளுங்கள், பட்டியல் போடாதீர்கள். பாதிப் பேர் சரி என்று தலையாட்டிவிட்டு, முதல் பத்து ராகம் சொல்லுங்கள் என்பார்கள். சொல்லிவிடுவேன், நானும் அப்படி வந்தவன்தானே.

போன வைகாசியில் ஊருக்குப் போயிருந்தேன், திருவிழா. இரவு புறப்பாடு. முன்னால் தீவட்டி, பின்னால் ஜெனரேட்டர் வண்டி, அது போடுகிற சத்தத்தில் பாதி நாகஸ்வரம் காதில் விழாது. வடக்கு வீதி முனையில் சாமி நின்றது. யாரோ தேங்காய் உடைத்தார்கள், ஜெனரேட்டர் என்னவோ இருமிவிட்டு நின்றது, விளக்கெல்லாம் போய் தீவட்டி வெளிச்சம் மட்டும். வித்வான் அதற்காகக் காத்திருந்தவர் மாதிரி தோடியை எடுத்தார். நான் அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன், தாத்தாவுடைய தோடிம்மா என்று. அதற்குள் அவளே சொன்னாள்.

"இதத்தான் நேத்து கீழவீதியிலயும் வாசிச்சாங்க."

முந்தின நாள் கீழவீதியில் நான் போனில் அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். எதையும் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஆரோகணம் அவரோகணம் என்ற சொற்களே தெரியாது, வானொலியில் கச்சேரி வந்தால் செய்தி எப்போ வரும் என்று கேட்கிற ஆள்.

"அது வேற பாட்டா இருக்கும்மா" என்றேன்.

"பாட்டு வேறதான். இது அதேதான்."

"எப்படிச் சொல்ற?"

"இங்கன ஒரு இடத்துல வருமே, இப்படி" என்று வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களைச் சேர்த்துக்கொண்டு, மெல்ல மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள். வித்வான் அப்போதுதான் காந்தாரத்துக்கு வந்துகொண்டிருந்தார்.